மிஸ்டர் பிம்லோவின் தமிழ்

மிஸ்டர் பிம்லோ தமிழில் பேசத் தொடங்கிய அன்றுதான் செல்வின் வீட்டில் திக்குவதை நிறுத்தினான். கேட்பவர்களுக்கு இது நல்ல செய்தி போலத்தான் தோன்றும். அவன் மனைவி ஹெப்சிபாவுக்கு அப்படித் தோன்றவில்லை.

பிம்லோ யாரென்று முதலில் சொல்லிவிட வேண்டும். அப்படி ஒரு மனிதர் உலகத்தில் கிடையாது. இங்கிலாந்தில் லட்சக்கணக்கானவர்கள் பாத்திரம் கழுவிக்கொண்டும் நாயை நடைக்குக் கூட்டிப்போய்க்கொண்டும் காதில் கேட்கிற துப்பறியும் கதைத் தொடர் ஒன்று உண்டு. மார்ல்டன் கிரீன் என்று ஒரு கிராமம். பார்த்தால் பூச்செடியும் தேநீருமாகத் தெரியும். ஆனால் அங்கே ஆள் சாகாத வாரம் இல்லை. கொலையைக் கண்டுபிடிப்பது மிஸ் ஹார்கட் என்ற ஓய்வுபெற்ற அஞ்சலக அம்மாள். அந்தக் கிராமத்துத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் பிம்லோ. பிணத்தை எப்போதும் முதலில் பார்ப்பவரும் அவர்தான், ஓடிவந்து அதைச் சொல்ல முடியாமல் திண்டாடுபவரும் அவர்தான். பிம்லோ வாயைத் திறந்தாலே கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

கதையை வாசித்தவர் பெயர் ரூத் ஆஷ்டன் என்று அட்டையில் இருக்கும். அந்த அம்மாளும் உலகத்தில் கிடையாது. வாசித்தது பெரம்பூரில் இருக்கிற, பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த ஹெப்சிபா.

இயந்திரங்களே கதை படிக்கட்டும் என்று கம்பெனிகள் ஒரு காலத்தில் விட்டுப் பார்த்தன. குரல் சுத்தமாக இருந்தது, உச்சரிப்பு பிசகவில்லை, ஆனால் ஜனங்கள் பாதிக் கதையில் தூங்கிப் போனார்கள். பிறகு வந்ததுதான் பூச்சு. அடியில் ஒரு மனிதர் வாசிப்பார். மேலே வேறொரு குரலைப் பூசிவிடுவார்கள். ஹெப்சிபாவின் பாளையங்கோட்டை இங்கிலீஷ் உள்ளே போகும். லண்டன் சீமாட்டியின் குரல் வெளியே வரும்.

"நாங்க குரலத்தான் மாத்தறோம் மேடம், ஆளை மாத்தறதில்ல" என்று ரெஹானா முதல் நாளே விளக்கியிருந்தாள். நுங்கம்பாக்கம் ஸ்டுடியோவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவை நடத்துகிறவள் அவள். "நீங்க மூச்சு வாங்கற இடம், தயங்கற இடம், இழுக்கற இடம் எல்லாம் அப்படியே வரும். அதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம். குரலுக்கு இல்ல."

ஹெப்சிபாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு விருந்து மேசையில் பத்துப் பேர் மாறி மாறிப் பேசுகிற காட்சியை ஒற்றை ஆளாக வாசிக்க வேண்டுமென்றால் குழம்பாமல் இருக்க ஏதாவது பிடிமானம் வேண்டும். அவள் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனக்குத் தெரிந்த ஒருவரை மனதுக்குள் உட்கார வைத்துவிடுவாள். மிஸ் ஹார்கட் பேசும்போது அவளுடைய பள்ளித் தலைமை ஆசிரியை பேசினார். இன்ஸ்பெக்டருக்கு மாடி வீட்டு வருமானவரி அதிகாரி. பங்களாச் சீமாட்டிக்கு அவளுடைய சித்தி, அதுவும் மூக்குத்தி தொலைந்த அன்றைய சித்தி. பூச்சுக்கு அடியில் ஒரு தெருவே லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது, யாருக்கும் தெரியாமல்.

பிம்லோவுக்கு மட்டும் ஆள் அமையவில்லை. "அவர் சிரமப்பட்டுப் பேசினார்" என்று புத்தகத்தில் ஒரே வரி. ஹெப்சிபா கிழவனாகப் பேசிப் பார்த்தாள், மூக்கடைத்தவனாகப் பேசிப் பார்த்தாள். ரெஹானா கண்ணாடிக்குப் பின்னால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு முன் கடைசியாக ஒரு முறை என்றபோது, ஹெப்சிபா யோசிக்காமலேயே கட்டைவிரலால் மேசையை மெதுவாகத் தட்டினாள். ஒரு சின்ன மூச்சை உள்ளே இழுத்தாள். சொல்லுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்பது போல ஒரு குட்டிச் சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னால்தான் சொல் வந்தது, முதல் எழுத்தில் இரண்டு முறை இடறிக்கொண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெஹானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இவர்தான் மேடம். எங்கேருந்து பிடிச்சீங்க இவரை?"

"சும்மா வந்துது" என்றாள் ஹெப்சிபா.

சும்மா வரவில்லை. அது செல்வின். அதுவும் ஊருக்குத் தெரிந்த செல்வின் அல்ல.

ஊருக்குத் தெரிந்த செல்வின் புரசைவாக்கத்தில் ஒரு சிறிய கண் மருத்துவமனையில் பவர் பார்ப்பவன். அவன் திக்கி அங்கே யாரும் கேட்டதில்லை. சின்ன வயதில் கோயிலில் பைபிள் பாடம் வாசிக்க நிறுத்தி, முதல் வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டு, சபையே தலையைக் குனிந்து சிரித்ததோடு அவன் ஒரு வித்தை கற்றுக்கொண்டான். இடறப் போகிற சொல் தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும். உடனே வேறு சொல்லுக்குத் திரும்பிவிடுவான். "பருப்பு" வராது என்றால் "சாம்பாருக்குப் போடறது" என்பான். ஒருத்தர் பெயர் வராது என்றால் "நம்ம சார்" என்பான். பவர் பார்க்கிற வேலையை அவன் தேர்ந்தெடுத்ததுகூட அதில் பேச்சு குறைவு என்பதால்தான். நோயாளி கண்முன் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லா இருக்கா, இல்ல முன்ன போட்டதா?" என்று நாள் முழுக்க ஒரே கேள்வி. அந்த வரி அவனுக்கு வழுக்கிக்கொண்டு வரும்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவன் சொன்னான். "வெளிய பேசிட்டு வந்தா ஊரைச் சுத்தி நடந்து வந்த மாதிரி அலுப்பா இருக்கு, ஹெ... ஹெ... ஹெப்சி. உங்கிட்ட மட்டும் நேர் வழில வரலாம்னு இருக்கேன். இடிச்சா இடிச்சுட்டுப் போகுது."

அதற்குப் பிறகு வீட்டில் அவன் எந்தச் சொல்லையும் சுற்றிப் போகவில்லை. எல்லாவற்றிலும் கடினமான சொல் அவள் பெயர்தான். அதையும் அவன் விட்டுவிடவில்லை. கட்டைவிரலால் எதையாவது தட்டிக்கொண்டு, அந்தக் குட்டிச் சிரிப்பைச் சிரித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் முழுசாகக் கூப்பிடுவான். அந்தப் பேச்சைக் கேட்ட ஒரே ஆள் ஹெப்சிபா. அவள் அதைத்தான் எடுத்துப் பிம்லோவுக்குக் கொடுத்தாள்.

கொடுத்த அன்று அவளுக்கு வெட்கமாக இல்லை. பெருமையாக இருந்தது, அதுதான் பின்னால் நினைத்து நினைத்துக் குமுறிய விஷயம். இங்கிலாந்திலிருந்து பிம்லோவுக்கு ரசிகர் கடிதங்கள் வந்தன. இரண்டே காட்சிக்கு வந்தவர் எல்லாக் கதையிலும் வரத் தொடங்கினார். எழுத்தாளரே பிம்லோ திண்டாடுவதற்கென்று காட்சிகள் எழுதினார். ஹெப்சிபாவும் எந்த இடத்தில் இடறினால் அதிகம் சிரிப்பார்கள் என்று கணக்குப் பார்த்து இடறக் கற்றுக்கொண்டாள்.

செல்வின் ஒருமுறை இங்கிலீஷ் பதிவைக் கேட்டான். அவனுக்கு அது தான் என்று தெரியவில்லை. தெரியவும் வழியில்லை, இங்கிலீஷில் அவன் யாரிடமும் மனம் விட்டுப் பேசியதே இல்லை. "பா... பாவம் இந்த மனுசன்" என்று சிரித்தான். "யாரை நெனச்சுக்கிட்டுப் பேசின?"

"புத்தகத்துலயே அப்படித்தாங்க எழுதியிருக்கு" என்றாள். சொல்லும்போது காது சூடானது. அதோடு விட்டுவிட்டாள். இங்கிலீஷ் ஒரு கெட்டியான போர்வை என்று நினைத்துக்கொண்டாள்.

போர்வையை ரெஹானாதான் உருவினாள், அதுவும் இனிப்பு டப்பாவோடு வந்து.

"மேடம், மார்ல்டன் கிரீன் தமிழ்ல வருது. நீங்க திரும்ப வாசிக்கவே வேணாம். பூச்சு இப்ப மொழியையும் மாத்துது. நீங்க இங்கிலீஷ்ல வாசிச்ச அதே வாசிப்பு, சொல் மட்டும் தமிழ். பாத்திரத்துக்கு ஒரு குரலும் பூசிடும்."

"பிம்லோவும் வருவாரா?"

"அவரில்லாமலா? கேட்டுப் பாத்தேன். அச்சு அசல். நீங்க மேசையத் தட்டினது, அந்தச் சிரிப்பு, எல்லாம் தமிழ்ல அப்படியே உக்காந்திருக்கு. ஏதோ தமிழாளே பேசற மாதிரி இருக்கு மேடம்."

ஹெப்சிபா அவசரமாகக் குறுக்கிட்டாள். "அந்த ஒரு பாத்திரத்தை மட்டும் நான் வேற மாதிரி வாசிச்சுத் தரேனே."

"ஏன்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் ரெஹானா தன்னை எப்படிப் பார்ப்பாள் என்று தோன்றியது. புருஷனின் திக்கலை விற்றுப் பேர் வாங்கினவள். "இன்னும் நல்லா பண்ணலாமேன்னுதான்" என்று முணுமுணுத்தாள்.

"இதைவிட நல்லா யாரும் பண்ண முடியாது" என்று ரெஹானா டப்பாவை நீட்டினாள். "அடுத்து இன்னொண்ணும் வருது மேடம். கேக்கறவங்க அவங்க பேரைக் குடுத்தா, கதைக்குள்ள பாத்திரங்களே அவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும். ஜனங்க விழுந்து விழுந்து வாங்கப் போறாங்க."

செல்வினிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று அவள் தினமும் நினைத்தாள். தமிழ் வெளியீட்டைப் பற்றி அவனுக்கு வேறு வழியில் தெரிந்தது. கோயிலில் யாரோ வாழ்த்துச் சொன்னார்கள். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷமாக மனைவி வாசித்ததெல்லாம் யாரோ ரூத் ஆஷ்டன் பேரில் போய்க்கொண்டிருந்தது; தமிழில் அவள் பெயரையே போடப் போகிறார்கள். ஹெப்சிபா சொல்ல வந்ததை அந்தச் சந்தோஷத்தின் முன்னால் எடுக்க முடியாமல் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள்.

அவனுடைய மருத்துவமனையில் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள் ஒரு கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கண்பாவை விரிகிறவரை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். போனும் பார்க்க முடியாது, பேப்பரும் படிக்க முடியாது. அவர்களுக்காகச் செல்வின்தான் கூடத்தில் ஒலிபெருக்கி வைத்து ஏதாவது கதை போடுவான். தமிழ்க் கதை வெளியான வியாழக்கிழமை காலை, டிபன் பாத்திரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னான். "இன்னிக்கு உன் கதையத்தான் போ... போடப் போறேன். எல்லார்ட்டயும் சொல்லியாச்சு."

அவன் வண்டி தெருமுனை திரும்பியபிறகுதான் அவளுக்கு உறைத்தது. போன் செய்தாள். வேலை நேரத்தில் அவன் எடுப்பதில்லை. ஆட்டோ பிடித்து ஓடினாள். என்ன சொல்லி நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டே போனாள். பதிவில் கோளாறு என்று சொல்லலாம், தப்பான கதை என்று சொல்லலாம். உண்மையைச் சொல்லலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

படியேறும்போதே சிரிப்பு கேட்டது. கூடம் நிறைய ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பெரியவர் பஞ்சால் கண்ணைத் துடைத்துக்கொண்டே குலுங்கினார். ஒலிபெருக்கியில் பிம்லோ பிணத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கட்டைவிரல் தட்டுகிற சத்தம். சின்ன மூச்சு. குட்டிச் சிரிப்பு. "பி... பி... பிரேதம்" என்றார் பிம்லோ. கூடம் மறுபடி அதிர்ந்தது.

செல்வின் பரிசோதனை அறை வாசலில் லென்ஸ் பெட்டியோடு நின்றிருந்தான். அந்தக் கூடத்தில் கண் திறந்திருந்தது அவர்கள் இருவருக்கு மட்டும்தான். அவன் அவளைப் பார்த்தான். கோபமே இல்லை. தெருவில் யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது போல, கொஞ்சம் திகைத்து நின்றான். குரல் அவனுடையது அல்ல, யாரோ கட்டைக் குரல்காரனுடையது. ஆனால் அந்தப் பேச்சு அவனுடையது. அதை அடையாளம் காண உலகத்தில் இரண்டே பேர் இருந்தார்கள், இருவரும் அங்கேயே நின்றார்கள்.

ஹெப்சிபா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்லாருக்கும் ஒரு சந்தோஷமான சேதி" என்று செல்வின் கூடத்தைப் பார்த்துச் சொன்னான். தெளிவான, வழுக்கிக்கொண்டு போகிற வெளிக்குரல். "கதை வாசிச்சவங்களே வந்திருக்காங்க. நம்ம வீட்டம்மாதான்."

கண்ணை மூடிக்கொண்டே எல்லோரும் கை தட்டினார்கள். "அந்த ஆர்கன்காரரை அடிச்சுக்க ஆளே இல்லம்மா" என்றார் பஞ்சு வைத்திருந்த பெரியவர்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த செல்வின் ஒரு சொல்லில்கூட இடறவில்லை. "குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றான். "நாளைக்குச் சீக்கிரம் கிளம்பணும்" என்றான். நியூஸ் வாசிப்பவர் போல ஒவ்வொன்றும் சுத்தமாக வந்தது. அவள் உன்னிப்பாகக் கேட்டபோதுதான் அவன் சுற்று வழியில் போவது தெரிந்தது. "புளிக்குழம்பு" என்று சொல்ல வேண்டிய இடத்தில் வெறும் "குழம்பு" என்றிருந்தான். கட்டைவிரல் மற்ற விரல்களுக்குள் மடங்கியே இருந்தது.

அவள் மன்னிப்புக் கேட்டாள். அழுதுகொண்டே கேட்டாள். எப்படி வந்தது, ஏன் சொல்லாமல் இருந்தேன் என்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இதுல என்ன இருக்கு" என்றான் அவன். "நல்லாத்தான் இருந்துது. ஜனங்க வலிய மறந்து சிரிச்சாங்க. நல்ல காரியம்தானே." ஒரு பிசிறு இல்லை அந்தப் பதிலில். வாடிக்கையாளரிடம் பேசுவது போல அன்பாகப் பேசினான். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டும்போது நிச்சயம் திக்கியிருப்பான்.

மறுநாள் ரெஹானாவிடம் போய் உடைத்துச் சொன்னாள். ரெஹானா கெட்டவள் இல்லை. கேட்டு முடிக்கும்போது அவள் முகமும் வாடியது.

"எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு மேடம். ஆனா லண்டன்ல என்னன்னு கேப்பேன்? அவர் குரல் எங்கயும் பதிவாகலியே. பதிவானது உங்க வாசிப்பு."

"அது அவருதும்மா."

"திக்கறது யாருக்குச் சொந்தம்னு எந்தச் சட்டத்துல இருக்கு? அவரே வந்து சொன்னாலும் அவர் ஊருக்கு முன்னால திக்கிக் காட்டித்தான் நிரூபிக்கணும். செய்வாரா?"

மாட்டார் என்று ஹெப்சிபாவுக்குத் தெரியும்.

"அப்போ இனிமே நான் பிம்லோவ வாசிக்க மாட்டேன்" என்றாள் கடைசியில்.

ரெஹானா மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டாள். "வாசிக்க வேண்டியதில்ல மேடம். இதுவரை இருக்கறதே போதுமாம். பிம்லோவ இனிமே பூச்சே பேசிக்கும்."

இப்படியாக ஊரெல்லாம் பிம்லோ பேசினார். வீட்டில் செல்வின் திக்கவில்லை. பஸ்ஸில், டீக்கடையில், பக்கத்து வீட்டுச் சமையலறையில் அந்தக் குட்டிச் சிரிப்பு கேட்டது. ஹெப்சிபாவுக்குத் தன் வீட்டுப் படுக்கையறைக் கதவைக் கழற்றி நடுத்தெருவில் வைத்தது போல இருந்தது. கழற்றியதும் அவளேதான்.

செல்வின் எதையும் குறை வைக்கவில்லை. காய்கறி வாங்கி வந்தான், அவளுக்குத் தலைவலி என்றால் தைலம் எடுத்துக் கொடுத்தான். பெயரை மட்டும் சொல்லவில்லை. "இங்க பாரு" என்றான். "இந்தாம்மா" என்றான். அடுத்த அறையிலிருந்து கூப்பிட வேண்டுமென்றால் எழுந்து வந்து எதிரே நின்றான். அவள் பெயருக்குச் சுற்று வழி கண்டுபிடித்துவிட்டான் என்று அவளுக்குப் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சேலையைக்கூட மாற்றாமல் அவள் கேட்டாள். "ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. எனக்குக் கேக்கணும் போல இருக்கு."

அவன் பைபிளை அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தான். திரும்பி அவளைப் பார்த்தான். வாய் லேசாகத் திறந்தது. கட்டைவிரல் அலமாரி விளிம்பைத் தொட்டது. பிறகு அவன் விரலை எடுத்துக்கொண்டு, "சாப்பிடலாமா, பசிக்குது" என்றான்.

அதற்கு அடுத்த ஞாயிறு மதியம், சாப்பாடு முடிந்து அவள் கை துடைத்துக்கொண்டு வந்தபோது செல்வின் நாற்காலி ஒன்றைத் தன் எதிரே இழுத்துப் போட்டு வைத்திருந்தான். மருத்துவமனையில் நோயாளிக்குப் போடுவது போல.

"இப்படி உக்காரு" என்றான். "நீ அன்னிக்கு ஒண்ணு கேட்டல்ல. அதுக்குத்தான் ஏற்பாடு பண்ணேன்."

போனை எடுத்து மேசைமேல் வைத்தான். பேர் போட்டு வாங்குகிற அந்தப் புதுப் பதிப்பு. கேட்பவர் பெயர் என்ற இடத்தில் அவளுடைய பெயர் இருந்தது. அவன்தான் எழுத்துக் கூட்டி அடித்திருக்க வேண்டும். அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் பிம்லோ வந்துவிட்டார். மேசையைத் தட்டுகிற கட்டைவிரல். உள்ளே இழுத்த சின்ன மூச்சு. மன்னிப்புக் கேட்பது போன்ற அந்தச் சிரிப்பு.

"ஹெ... ஹெ... ஹெப்சி" என்றார் பிம்லோ.

ஒரு மயிரிழை பிசகவில்லை. கல்யாணமான புதிதில் அலுப்பைப் பற்றிச் சொன்னபோது கூப்பிட்டானே, அதேபோல. அவள் உடம்பு அவளைக் கேட்காமலேயே அதற்குத் திரும்பியது. என்னங்க என்று சொல்ல வாய் எழுந்தது. போனைப் பார்த்து. எதிரே உயிரோடு உட்கார்ந்திருந்தவனை விட்டுவிட்டு, போனைப் பார்த்து. அதை அவனும் கவனித்துவிட்டான் என்று தெரிந்ததும் முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

செல்வின் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, நோயாளியின் கண்களைப் பார்ப்பது போல நிதானமாக அவளைப் பார்த்தான். கேலி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டான்.

"இது நல்லா இருக்கா?" என்றான், வழுக்கிக்கொண்டு. "இல்ல, முன்ன இருந்ததா?"

ஹெப்சிபா வாயைத் திறந்தாள். ஊரில் அத்தனை பேர் குரலிலும் பேசத் தெரிந்தவளுக்கு முதல் எழுத்தைத் தாண்ட முடியவில்லை. "மு..." என்று நின்றது. மறுபடி "மு..." என்று நின்றது.

அவன் அவசரப்படுத்தவில்லை. பதில் வருகிறவரை காத்திருப்பது அவனுக்குப் பழக்கம்தான்.